அக்காவின் மஞ்சள் கட்டங்கள்

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க்கில் என் அக்கா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், யாருக்கு எந்த நாள் எந்த நேரம் வேலை என்று மாதந்தோறும் எக்செலில் அட்டவணை போடுவது அவள்தான். அதற்காக மாதத்தில் இரண்டு நாள் மேசை முன்னால் இருந்து வேலை செய்யக் கிடைக்கும். முழங்கால் தேய்ந்துபோன அவளுக்கு அந்த இரண்டு நாளும் பெரிய ஆறுதல். போன வருடம் வந்த புது நிர்வாகி அதற்கு உலை வைத்தார். இரண்டு வேலைக்கு நடுவே சட்டம் சொல்லும் பதினொரு மணித்தியால ஓய்வு இருக்கிறதா என்று இந்த அட்டவணை பார்ப்பதில்லை, ஆகவே வெளியிலிருந்து மென்பொருள் வாங்கப் போகிறேன் என்றார்.

"தம்பி, நீ கொம்பியூட்டர் வேலைதானே செய்யிறாய். ஏதாவது செய்து தாவன்" என்றாள் அக்கா.

எக்செலுக்குள்ளேயே ஓரமாக இருந்து பிழை காட்டும் சிறு நீட்சி ஒன்றே போதும். எனக்கோ அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அடுத்தவன் வீட்டில் அறை வாடகைக்கு எடுப்பது போல. தனிச் செயலியாகவே எழுதினேன். மூன்று மாதச் சனி ஞாயிறுகள் அதில் போயின. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஓடும், சொந்தச் சின்னம் வேறு. வேலையில்லாமல் திறந்து வைத்து நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் பழைய கோப்பை அதற்குள் ஏற்றிக் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"வடிவாத்தான் கிடக்கு. என்ர மஞ்சள் எங்க?"

எழுத்தையும் எண்ணையும் மட்டும் எடுத்திருந்தேன். நிறங்களை அலங்காரம் என்று நினைத்துக் கழித்துவிட்டேன்.

"நிறத்தில என்ன இருக்கு அக்கா?"

அவள் தன் கோப்பைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுச் சொன்னாள். பச்சை, வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் எங்கள் தமிழ்ப் பெண்கள். அன்றைக்கு அவர்களை இறைச்சி பரிமாற விடமாட்டாள். பதிலுக்கு நத்தார் பண்டிகை, கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் வேலைக்கு வருவார்கள். நீலம், ஒருவரோடொருவர் முகம் பார்க்காத இரண்டு பேர். ஒரே மாடியில் போடக் கூடாது. மஞ்சள், மூன்றாம் மாடியில் மறதி முற்றிய ஒரு கிழவருக்காக. அவர் காலைச் சாப்பாட்டை இரண்டே இரண்டு பேர் கையால்தான் வாங்குவார்.

"அந்த ரெண்டு பேரும் இல்லாட்டி மனுசன் பட்டினி" என்றாள்.

எத்தனையோ நிறுவனங்களின் தரவுகளைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு கோப்புக்குள் இத்தனை மனிதர்களின் பசியும் விரதமும் கோபமும் குடியிருப்பதை அன்றுதான் கண்டேன். இதையெல்லாம் இவள் எப்போது, எப்படி யோசித்துச் செய்தாள்? என் செயலியை மூடினேன். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

நீட்சியை இரண்டு வாரத்தில் எழுதி முடித்தேன். அட்டவணைக்கு வலப்பக்கம் நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டை. ஓய்வு குறைந்தால் சொல்லும், நிறங்களைத் தொடாது. காட்டுகிற அன்று நிர்வாகியும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அக்கா அடுத்த மாத அட்டவணையைத் திறந்தாள்.

ஏழு எச்சரிக்கைகள் வந்தன. ஏழும் அக்காவின் வரிசையில். இரவு பத்து மணிக்கு வேலை முடித்து, காலை ஆறரைக்கு மறுபடியும் வருகிறாள். அந்தக் காலைகள் எல்லாம் மஞ்சள். கிழவர் சாப்பாடு வாங்கும் அந்த இரண்டு பேரில் ஒருத்தி அக்காதான்; மற்றவள் விடுமுறையில் போகும் நாட்களில் தன்னையே போட்டிருந்தாள்.

மஞ்சள் என்றால் என்ன என்று நிர்வாகி பிரெஞ்சில் கேட்டார். அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் திரையில் அந்த மஞ்சள் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு, மென்பொருள் வாங்கவில்லை, அட்டவணை உங்களிடமே இருக்கட்டும், ஆனால் அந்த ஏழு இரவுகளுக்கும் நான் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் அக்கா என் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, என்ர வரிசைக்கு மட்டும் இதை நிப்பாட்டி வைக்க ஏலுமோ?"

ஒரு நிமிடம்கூட எடுக்காத வேலை அது. ஏலாது என்றேன். அக்காவிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.