மாவு பூசிய கை கேட்ட கேள்வி

பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான், பிள்ளைகளே. ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசை முழுக்க ஒரு காலத்தில் கதவுக்குக் கதவு கன்னடத்தில் ‘நாளே பா’, அதாவது ‘நாளைக்கு வா’ என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். ராத்திரியில் ஏதோ ஒன்று வந்து வீட்டு ஆள் குரலிலேயே கூப்பிட்டுக் கதவைத் தட்டுமாம், அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். சொன்ன பேச்சைக் கேட்கிற பேய்க்கு நான் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே வேலை வாங்கித் தரலாம் என்று கிண்டல் செய்து, எங்கள் கதவில் மட்டும் எழுதாமல் விட்டேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணி, நல்ல மழை, கரண்ட் இல்லை. என் மனைவி செல்வி மாவு மில்லுக்குப் போயிருந்தாள். மீனாவுக்கு ஏழு வயது, பாபுவுக்கு ஐந்து. இரண்டு பேரும் வழக்கமான ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டார்கள். தாய் ஆடு வெளியே போன நேரம் ஓநாய் வந்து அம்மா குரலில் கூப்பிடும், குட்டிகள் கையைக் காட்டச் சொல்லும், ஓநாய் மாவில் கையைத் தோய்த்து வெள்ளையாகக் காட்டி ஏமாற்றித் தின்றுவிடும். கடைசியில் தாய் வந்து அதன் வயிற்றைக் கிழித்துக் குட்டிகளை மீட்கும். எங்கள் பாபு யார் தட்டினாலும் ஓடிப்போய்த் திறக்கிற பிள்ளை, கொஞ்சம் பயமுறுத்தலாமே என்று அன்று முடிவை மாற்றினேன். தாயையும் ஓநாய் தின்றுவிட்டது, அவள் தோலைப் போர்த்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டது என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கதவு தட்டுகிற சத்தம்.

“ஏங்க, திறங்க. தலையெல்லாம் நனையுது.”

நம்பினால் நம்புங்கள், அச்சு அசலாகச் செல்வி குரல். போய்த் திறடா என்றால் பாபு நகரவில்லை.

“கையைக் காட்டச் சொல்லுப்பா,” என்றான்.

பாதி சாத்தியிருந்த ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே நீண்டது. மணிக்கட்டு வரை வெள்ளை மாவு. மீனா கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். எனக்கோ சிரிப்பு, மில்லிலிருந்து வருகிறவள் கையில் மாவு இல்லாமல் மண்ணா இருக்கும் என்று தாழ்ப்பாளைப் பிடித்தேன். பாபு என் காலைக் கட்டிக்கொண்டு, தெருவில் கற்ற கன்னடத்தில், “நாளே பா,” என்றான்.

கை வெளியே போய்விட்டது. பிறகு அதே குரல், மெதுவாக, “கதையை ஏன் மாத்தினீங்க?”

ஒட்டுக் கேட்டிருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். யாரும் இல்லை.

அரை மணி கழித்துச் செல்வி வந்தாள், குடையோடு, தலை நனையாமல். கரண்ட் வரும்வரை மில்லிலேயே உட்கார்ந்திருந்தாளாம். நடந்ததைச் சொன்னதும் நான் விளையாடுகிறேன் என்று நினைத்து மாவு டின்னைத் திறந்து நீட்டினாள்.

“வெள்ளை மாவு ஏதுங்க? ராகியில்ல அரைக்கப் போனேன்.”

மறுநாள் காலை எங்கள் கதவிலும் எழுதினேன், கன்னடத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி. வந்தவருக்குத் தமிழ் நன்றாகத் தெரிகிறதே. தெருவே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அதன் பிறகு அந்தக் கதையின் முடிவை நான் மாற்றியதே இல்லை.

இப்போது பாபுவுக்கு மீசை முளைத்துவிட்டது. ஆனாலும் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. முடிவை மாற்றியதற்கு ஓநாய் ஏன் வருத்தப்பட வேண்டும், என் கதையில் ஜெயித்தது அதுதானே? வருத்தப்பட வேண்டியது தாய் ஆடு. அப்படியானால் அன்று மழையில் நாங்கள் திருப்பி அனுப்பியது யாரை?