கடைசி பெஞ்சில் முறைத் தூக்கம்

சர்க்கரை நார்மல், தைராய்டு நார்மல், இரும்புச் சத்து நார்மல் என்று ராமநாதபுரத்து மருத்துவர் காகிதங்களைப் புரட்டிப் புரட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும் பரிசு அறிவிப்பவரைப் போல என்னைப் பார்த்துச் சிரித்தார். நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வருவதற்கே தனியாக ஒரு தீர்மானம் செய்ய வேண்டியிருந்த மனிதனிடம், உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதில் அவ்வளவு மகிழ்ச்சி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

“இந்த வயசுல எதுக்கு சார் லா காலேஜ்? நிம்மதியா இருங்களேன்” என்றார்.

நிம்மதிக்கு என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாம்பிள் அட்டையை எடுத்துக் கொடுத்திருப்பார்.

நான் இயற்பியல் பேராசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறு மாதமே, குக்கருக்குள் நடப்பது என்ன என்பதை என் மனைவிக்கு அடுப்பருகில் நின்று விளக்கத் தொடங்கினேன். சில வாரங்கள் பொறுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில், என் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள்.

“உங்களுக்கு வகுப்பு இல்லாம முடியாது. எனக்கு வாத்தியார் இல்லாம முடியும். போய்ப் படிங்க.”

“மூன்று வருடம்.”

“அதனாலதான் சொல்றேன்.” சற்று யோசித்துவிட்டு இதையும் சேர்த்துக்கொண்டாள்: “ஆனா பாதியில விட்டுட்டு வந்து, பாடத்திட்டம் சரியில்லைன்னு எங்கிட்டச் சொல்லக் கூடாது.”

விட மாட்டேன் என்றேன்.

இரண்டாம் ஆண்டில், கார்த்திகை மழையில், அவள் இறந்தாள். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவதாக இருக்கிறேன்.

களைப்பு பதினாறாம் நாளுக்குப் பிறகு வந்தது. அதுவரை உடம்பு ஏதோ மரியாதைக்காகக் காத்திருந்தது போலும். அந்தப் பருவத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தாளை எழுதப் போனேன். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தரப்பினர் இறந்துவிட்டால் வழக்கு என்னவாகும் என்பது முதல் கேள்வி. படித்தேன். பேனாவை மூடிவைத்தேன். அடுத்த பருவத்தில் அதே தாளை மீண்டும் எழுதியபோது அப்படிப்பட்ட இடையூறு எதுவும் இல்லை, வெறுமனே தூங்கிப்போனேன். மூன்றாவது முறையும் தவறினால் படிப்பை நிறுத்திவிடுவது என்று எனக்குள் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். அந்த மகிழ்ச்சியை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். என்னிடமிருந்த ஆற்றல் என்னவாக உருமாறியது என்பதைப் பாம்பன் பாலத்தின் மேல் போகும்போதெல்லாம் யோசிப்பேன். விடை கிடைப்பதற்கு முன் தூங்கிவிடுவேன். தூக்கம் என்று சொல்வதுகூட அதற்கு அதிகப்படியான மரியாதை. ஈரச் சாக்கை மேலே போட்டது போல ஒன்று. எழும்போது போட்டபடியே கிடக்கும்.

அறிவுரை சொல்ல வந்தவர்களில் முதல் இடம் என் மைத்துனருக்கு. என் மனைவியின் தம்பி. கமுதியில் மிளகாய் வற்றல் வியாபாரம். மாதம் ஒரு முறை அமாவாசைக்கு வந்துவிடுவார். அவர் உள்ளே நுழைந்தால் முதலில் நான் தும்முவேன். அதைக்கூட உடல்நலக் குறைவுக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்வார்.

“அத்தான், ஏர்வாடிக்கு ஒருக்கா போயிட்டு வருவமா? எல்லாச் சனமும் வாராக. மனசு லேசாயிரும்.”

தர்காவுக்குப் போகிறவர்களை நான் ஒருபோதும் இகழ்ந்ததில்லை. அவர்கள் ஒன்றைக் கேட்கப் போகிறார்கள். இவரோ என்னை எங்கேனும் கொண்டுபோய் ஒப்படைப்பதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் கோவிலின் இருபத்திரண்டு தீர்த்தங்கள். அதற்கடுத்த மாதம் முருங்கைக்கீரைப் பொடி, கருப்பட்டி, கேழ்வரகு மாவு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மறுப்பதற்கும் தெம்பு வேண்டும்.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். மற்றவர்கள் அந்த வழக்கத்தைப் பதினாறோடு விட்டுவிட்டார்கள். மைத்துனர் அதை வருடம் முழுமைக்கும் நீட்டித்துக்கொண்டார். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நாற்காலி காலியாக இருக்கும். மிளகாய் நெடி மட்டும் சற்று நேரம் இருந்துவிட்டு, அதுவும் சொல்லாமல் போகும்.

கல்லூரியும் தன் பங்குக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தது. சோர்வு என்பது மனத்தின் ஏமாற்று வேலை என்றும், அதிகாலை நான்கு மணிக்கு எழுகிறவனை உலகம் தடுக்க முடியாது என்றும் அவர் மேடையில் முன்னும் பின்னும் நடந்தபடி சொன்னார். நான்கு மணிக்கு எழுவதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. அந்த நேரத்தில் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். உலகமும் என்னைத் தடுக்கவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது. கேள்விகள் உண்டா என்று அவர் கேட்டபோது கடைசி பெஞ்சிலிருந்து மெல்லிய குறட்டை ஒன்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்த ஆண்டில் நான் முழு மனத்துடன் மதித்த முதல் விமர்சனம் அது.

குறட்டைக்கு உரியவள், பாம்பன் பாலத்துக்கு அப்பால் மண்டபம் ஊரிலுள்ள இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த மாணவி. மாலையில் நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கம்பெனியில் வேலை, காலையில் முகாமில் தண்ணீர் பிடிக்கும் வரிசை, இடையில் சட்டம். உரிமையியல் தாள் அவளுக்கும் அரியர். மறுநாள் நானும் கடைசி பெஞ்சுக்கு மாறினேன்.

“சேர், ரெண்டு பேரும் ஒரேயடியா நித்திரை கொண்டால் நோட்ஸ் யார் எழுதுறது?” என்றாள். “முறை வைப்பம். முதல் ரெண்டு அவர் நீங்க படுங்கோ. மற்றது எனக்கு.”

முதல் இரண்டு மணி நேரம் எனக்கு, மீதி அவளுக்கு என்று அப்படியே செய்தோம். அவள் விழித்திருக்கும்போது நான் தூங்குவேன். நான் விழித்திருக்கும்போது அவள். விரைவிலேயே முன் பெஞ்சில் ஒருவன் சத்தமாகவே சொன்னான்: “தாத்தாவும் பேத்தியும் ஷிப்ட் மாத்துறாங்கடா.” அவள் தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள்: “உனக்கு முழு நேரமும் ஷிப்ட்தானே, கண்ணத் திறந்துகொண்டு.” வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர் எதையும் கவனிக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் தாம் எழுதிய குறிப்புகளை அவர் வாசித்துக்கொண்டிருந்தார். அவரும் ஒருவகையில் தூக்கத்தில்தான் இருந்தார், முறைமாற்ற ஆளில்லாமல்.

குடியுரிமை இல்லாதவள் சட்டம் படிக்கலாம். வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. இதை நான் அவளிடம் ஒரு நாள் வருத்தத்துடன் சொன்னேன். மருத்துவரின் குரல் எனக்கும் வந்திருந்தது என்பது பேசிய பிறகுதான் தெரிந்தது.

“தெரியும் சேர். பட்டம் தருவினம், கோட்டு தரமாட்டினம்.”

“பிறகு எதற்கு இவ்வளவு பாடு?”

“சும்மா இருந்தாலும் களைப்புதானே” என்று சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்தாள். அவளுடைய முறை தொடங்கிவிட்டிருந்தது.

கார்த்திகை திரும்பி வந்தது. மைத்துனர் பஞ்சாங்கத்துடன் வந்து தலைத்திவசத்தின் திதியைச் சொன்னார். நான் கல்லூரி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். உரிமையியல் தாள், அதே நாள், காலை பத்து மணி.

“பரிச்சை கெடக்குது அத்தான், அடுத்த வாட்டி எழுதிக்கிருங்க. திதி அடுத்த வாட்டி வராது.”

“திதி ஒவ்வொரு ஆண்டும் வரும், மாப்பிள்ளை.”

“தலத்தெவசம் வருமா? மதியம் படையல் போடுறதுக்கு உங்க கைதானே வேணும். ஊர்லருந்து பெரியவுக எல்லாம் வாராக. வந்தவுகள்ட்ட என்னன்னு சொல்றது? அத்தான் பென்சில் எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டாகன்னா?”

“பேனா” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வழக்கம் போலச் சொல்லாமல் எழுந்து போனார்.

இந்த ஊரில் குடியிருப்பவனுக்கு மற்றவர்களின் துக்கம் தினசரிக் காட்சி. வடக்கேயிருந்து பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். அக்னி தீர்த்தக் கரையில் அரை மணி நேரத்தில் தகப்பனையோ தாயையோ வழியனுப்பிவிட்டு, ஈரத் துணியைப் பிழிந்து, சங்கு விலை விசாரித்து, கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். அவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்பதை என் மனைவி நன்றாக அறிவாள். மாலை நடையில் நாள்தோறும் அதைக் கேட்டு அலுத்தவள் அவள்.

திதியன்று விடியும்போது அந்த வரிசையில் நானும் ஈர வேட்டியுடன் உட்கார்ந்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. புரோகிதர் இளைஞர், காதில் ஒரு பக்கம் மட்டும் புளூடூத் மாட்டியிருந்தார்.

“கோத்திரம் தெரியாதுன்னா சிவ கோத்திரம் சொல்லிக்கலாம். அவசரமா சார்? மணி பாத்துண்டே இருக்கேளே.”

“பரீட்சை.”

“பையனுக்கா?”

“எனக்கு.”

கையிலிருந்த எள்ளைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறை என்னை முழுதாகப் பார்த்தார். “அப்ப அரை மணியில முடிச்சுடலாம்” என்றார்.

அவள் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த ஆண்டு முழுவதும் அதை நான் உரக்கச் சொல்லியிருக்கவில்லை. எள்ளும் தண்ணீரும் விட்டேன். கடலில் மூன்று முறை மூழ்கி எழுந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. என் முகமும் அதில் விழுந்திருக்கும். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். ஓடும் வழியில், நான் இத்தனை ஆண்டு இகழ்ந்த அந்த வேகத்தில் எனக்கிருந்த திறமையைக் கண்டு கூச்சமாக இருந்தது. அவள் பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். சங்கு வாங்கவில்லையா என்று மட்டும் கேட்டிருப்பாள்.

தங்கச்சிமடம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். மண்டபத்தில் ஏறிய முகாம் மாணவி கல்லூரி நிறுத்தத்தில் எழுப்பினாள்.

இறந்த தரப்பினர் பற்றிய பகுதியை இம்முறை வரி பிசகாமல் படித்திருந்தேன். அந்தப் பகுதி எனக்குப் பிடித்தும் போயிருந்தது. அது யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. முருங்கைக்கீரைப் பொடி தருவதில்லை. வழக்குத் தொடரும் உரிமை எஞ்சியிருக்கிறதா, இறந்தவரின் இடத்தில் யார் நிற்கிறார் என்று கேட்கிறது. அதைத் தெரிவிக்கத் தொண்ணூறு நாள் தருகிறது. தெரிவிக்காவிட்டால் வழக்கு அற்றுப்போகும் என்கிறது. அந்த ஓராண்டில் என்னிடம் நாகரிகமாகப் பேசிய ஒரே வாசகம் அதுதான். வினாத்தாளைப் பிரித்தேன். அந்தக் கேள்வி வரவேயில்லை. முன்தீர்ப்புத் தடை பற்றிக் கேட்டிருந்தார்கள், உறுத்துக்கட்டளை பற்றிக் கேட்டிருந்தார்கள்.

எழுதினேன். மூன்றாம் விடையின் நடுவில் ஈரச் சாக்கு மேலே விழுந்தது. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பார்க்கவில்லை.

பின்னால் ஒரு தகர டப்பா தரையில் விழுந்து, பேனாவும் அளவுகோலும் சிதறும் ஓசை கேட்டது. விழித்தேன். கண்காணிப்பாளர் அவளை அதட்டிக்கொண்டிருந்தார். “கை தவறிப்போச்சு சேர்” என்று அவள் குனிந்து பொறுக்கினாள். என் பக்கம் பார்க்கவில்லை. மணி அடிக்கும் வரை நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியபோது நான்கு மணி இருக்கும். கூடத்தில் கமுதிப் பெரியவர்கள் சுவரோடு சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. இலை போட்டபடி, சோறு ஆறிக் கிடந்தது. நான் இல்லாமலே முடித்திருப்பார்கள் என்று எண்ணித்தான் வந்தேன். அதற்குரிய இகழ்ச்சியையும் பேருந்திலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

“முடிச்சிருக்கலாமே” என்றேன்.

“எங்க அக்காவுக்கு நீங்கதானே போடணும்” என்றார் மைத்துனர். பசியில் அவர் குரல் தாழ்ந்திருந்தது. “எழுதுனீகளா?”

“எழுதினேன்.”

“தூங்கலையே?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா சரி” என்று சொல்லிவிட்டு, சூடம் எங்கே என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அந்த இடத்தில் பயன்படுத்துவதற்கு என்னிடம் எந்த இகழ்ச்சியும் பொருத்தமாக இல்லை. படைத்தேன். காகம் அந்த நேரத்துக்கு வரவில்லை. நெடுநேரம் கூப்பிட்ட பிறகு ஒன்று வந்து வடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பெரியவர்கள் சாப்பிட்டார்கள். அவ்வளவு வேகமாகச் சாப்பிட்ட துக்கத்தை நான் கண்டதில்லை.

இருட்டுவதற்கு முன் கிளம்பினார்கள். மைத்துனர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். ஆண்டு கழிந்துவிட்டது, தடை நீங்கிவிட்டது.

“போயிட்டு வாரேன், அத்தான்.”

சொல்லாமல் போய்க்கொண்டிருந்தவரை வெறுப்பது எளிதாக இருந்தது. அந்த வசதியும் அன்றோடு முடிந்தது.

“வாங்க, மாப்பிள்ளை” என்றேன்.

தேர்வில் தேறிவிட்டேன். வெளியில் சொல்லத்தக்க மதிப்பெண் அல்ல. அவளுடையது என்னுடையதைவிட அதிகம். அதை அவள் இருமுறை எனக்கு நினைவூட்டினாள். இன்னும் ஒரு பருவம் மீதமிருக்கிறது. களைப்பு போகவில்லை, மருத்துவரின் கணக்கில் நான் இப்போதும் நார்மல்தான். பாடத்திட்டம் உண்மையிலேயே சரியில்லை. ஆனால் படித்து முடிக்கும் வரை அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

பருவத்தின் முதல் நாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் நண்டு வாடையுடன் வந்து பையை வைத்தாள்.

“டப்பா விழுத்தினதுக்கு, முதல் ரெண்டு அவரும் எனக்கு” என்றாள்.

நான் பேனாவைத் திறந்தேன்.