வெள்ளிக்கு நாங்கள், ஞாயிறுக்கு அவர்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்கு அடுத்த ஷாப்பின் கதவு சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில்கூட அந்தக் கதவு சாத்தி நான் கண்டதில்லை. ஆள் வந்து சொல்லுமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஷாப் முதலாளி இப்ராஹிம் சாகிப் விடியற்காலையில் காலமாகியிருந்தார். தோல் விலையும் சரிந்து, தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போகும் இந்த நாட்களில் இரங்கல் எழுதி எழுதிக் கை அலுத்துவிட்டது. ஆனாலும் இவரைப் பற்றி வேறு யாரும் சரியாக எழுத மாட்டார்கள்.

என் கணவருக்குப் பின் ஷாப்பை நானே நடத்துவேன் என்றபோது ஆம்பூர்க் கடைவீதி சிரித்தது. ஒரு தொட்டித் தோல் கெட்டால் சென்னை வியாபாரி வாங்குவதை நிறுத்திவிடுவார், ஷாப் விலைக்கு வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். அப்போது கடுங்கோடை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலை அன்றன்று புரட்டாவிட்டால் கெட்டுவிடும். எங்கள் ஆட்களோ அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள். கான்வென்டில் வளர்ந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க மனம் வரவில்லை. யாரிடமும் போய் உதவி கேட்கவும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை மாலை சாகிப் தாமே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"நாளைக்கு உங்க ஆளுங்க கோயிலுக்குப் போவட்டும்மா. என் ஆளுங்க வந்து புரட்டிட்டுப் போறாங்க. வெள்ளிக்கிழமை நீங்க ஆளுங்கள அனுப்புங்க."

"அனுப்பலைன்னா?" என்றேன்.

"அனுப்புவீங்க. உங்க ரோஷத்துக்கு, எப்படிப் புரட்டணும்னு எங்களுக்குக் காட்டறதுக்காவது நீங்களே வருவீங்க."

அப்படியே ஆயிற்று. ஷாப்பும் பிழைத்தது. அதன்பின் அந்த வழக்கம் ஒரு வாரமும் தவறவில்லை.

பல வருஷங்களுக்குப் பின், ஞாயிறு ஆசரிக்கும் நாடுகளே செழிக்கின்றன என்று வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் இங்கே பேசினார். ஜக்காத் தர்மம் கொடுப்பதால்தான் ஊர் செழித்தது என்று பள்ளிவாசலில் சொன்னார்களாம். எது சரி என்று சாகிப்பைக் கேட்டேன்.

"ஜாஸ்தி பேரு தோலுன்னா தீட்டுன்னு ஒதுங்குனாங்க. நம்ம ரெண்டு பேரு வேதத்துலயும் தடையில்ல, தோலைத் தொட்டோம், சம்பாரிச்சோம். அதுவரைக்கும் நெசம். ஆனா தொட்டியில நிக்கிறவன் காலைப் பாருங்கம்மா. என் ஆளு என் வேதந்தான், உங்க ஆளு உங்க வேதந்தான். அவன் எங்க செழிச்சான்?"

மறு வாரமே, தொட்டியிலிருந்து ஏறுபவர்கள் புண்ணான காலில் தடவிக்கொள்ள அவர் ஷாப்பில் ஒரு சட்டி எண்ணெய் இருந்தது. கூலி உயரவில்லை, எங்கள் ஷாப்பிலும் உயரவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

செவ்வாயன்று அவருடைய ஆட்கள் எல்லாரும் அடக்கத்துக்குப் போனார்கள். தொட்டிகள் நிறைந்திருந்தன. செவ்வாய்க்கிழமை எங்கள் ஏற்பாட்டில் இல்லை. அவர் மகன் எங்கள் வாசலில் வந்து தயங்கி நின்றார். அவரைக் கேட்க விடாமல் ஆட்களை அனுப்பினேன். பின்னாலேயே நானும் போனேன். வெள்ளை நீர் சொட்டச் சொட்ட ஒவ்வொரு தோலாக மேலே வந்து, திரும்பி விழுந்தது. வேலை முடிந்து ஏறியவர்கள் அந்தச் சட்டியில் எண்ணெய் தொட்டுக்கொண்டார்கள்.

போய் வாருங்கள், சாகிப். சரியாகத்தான் புரட்டினார்கள். நான் கடைசிவரை நின்று பார்த்தேன்.