என் மகளும் இன்னொருவர் மகளும்

என் மகளுக்கு வாய் திக்கும். ஐந்தாம் வகுப்பில் அவளைத் தினமும் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வார் டீச்சர். அவள் 'ப... ப...' என்று திணறும்போது மொத்த வகுப்பும் சேர்ந்து 'ப... ப...' என்று கத்தும். டீச்சரும் சிரிப்பார். மூன்று தடவை போய் முறையிட்டேன். "வீட்ல நல்லா பேசப் பழக்குங்கம்மா" என்றார்கள். யூனிஃபார்மைப் பார்த்தாலே பிள்ளை வாந்தியெடுக்க ஆரம்பித்ததும், நிறுத்திவிட்டேன்.

நான் கணக்குப் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் டியூஷன் எடுத்தவள். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் உட்கார்ந்தே அவள் பின்னம் கற்றாள். திக்கித் திக்கித்தான் வாசித்தாள். ஆனால், சத்தமாக வாசித்தாள்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். மகள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தாளில் 'இடைநின்றவர்' என்று எழுதினார்.

"சட்டப்படி ஏதாவது ஒரு ஸ்கூல்ல பேர் இருக்கணும்மா."

"என் புள்ளையப் பார்த்துச் சிரிச்ச டீச்சர் மேல அந்தச் சட்டம் பாயாதா?"

"அதுக்குத் தனியா மனு குடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வாரமே வார்டு சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்: "எம் புள்ளைக்கு எங்க படிப்பு வருதுன்னு எனக்குத் தெரியாதா? பெத்தவங்களுக்கு அந்த உரிமை இல்லையா?" கட்சிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பெத்தவங்க இஷ்டத்துக்கு விட்டிருந்தா இங்க பாதிப் பொம்பளைங்க கைநாட்டுத்தான்" என்றார். இன்னொரு கட்சிக்காரர் அவரை மறுத்தார். இருவரும் ஒருவர் கட்சியை ஒருவர் திட்ட ஆரம்பித்தார்கள். என் மகளை இருவருமே மறந்துபோனார்கள்.

வெளியே வந்தபோது ஒருவர் பின்னாலேயே வந்தார். எங்களுக்குப் பின்தெருவில் குடியிருப்பவர்.

"நச்சுன்னு கேட்டீங்கக்கா. நானும் எம் மகள எட்டாவதோட நிப்பாட்டிட்டேன். எங்கக்கா மகனுக்குப் பேசி வச்சிருக்கு. பெத்தவனுக்கு இல்லாத உரிமையா?"

நான் பேசிய அதே வார்த்தை. அந்த மனுஷன் வாயில் அதைக் கேட்டபோது அவரை அறைய வேண்டும் போலிருந்தது, என்னையும்தான்.

மறுநாள் காலையில் அதே அதிகாரியிடம் போய் அந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க புள்ளைக்கு ஒரு சட்டம், அவர் புள்ளைக்கு ஒரு சட்டமாம்மா?"

"ஆமா! எம் புள்ள படிக்குது. அந்தப் புள்ளைய அடைச்சு வச்சிருக்காங்க. ரெண்டு வீட்டுக்குள்ளயும் வந்து பார்த்துட்டு எழுதுங்க. பார்க்காமலே ஒரே வார்த்தைய எழுதாதீங்க."

அதிகாரி அன்றே ஜீப்பில் அந்த வீட்டுக்குக் கிளம்பினார். பத்து நாளில் அந்தப் பெண் ரெட்டைச் சடையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். அவளுடைய அப்பா என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். துப்பட்டும்.

என் மகளின் பெயருக்கு நேரே இன்னும் 'இடைநின்றவர்' என்றுதான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அந்தத் தாளில் என் கையெழுத்துக் கேட்டு வருகிறார்கள். நான் போட மறுக்கிறேன்.