தெவசத்துக்குச் சாப்பிடுகிறவரின் வயிறு

"நோயாளி: ஆண், வயது நாற்பத்தாறு. தொழில்: அலுவலக வேலை. உணவு: சைவம், அளவானது. அமைதியானவர், ஒத்துழைப்பவர். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய விளக்கங்களைக் கேட்டு, சந்தேகங்கள் நீங்கி, முழு மனதோடு சம்மதிக்கிறார்."

சென்னை ஆஸ்பத்திரி ஒன்றின் கேஸ் ஷீட் விஸ்வநாத்தைப் பற்றி இப்படிச் சொல்கிறது. ஆண் என்பது சரி. வயதும் சரி. சைவமும் சரி. மற்றதற்கெல்லாம் எழுதியவர்கள்தான் பொறுப்பு.

விஸ்வநாத் எந்த அலுவலகத்திலும் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. அவர் உட்கார்ந்ததெல்லாம் இலைக்கு முன்னால். திருவண்ணாமலையில் பிராமணர் வீட்டுத் தெவசங்களில், போய்ச் சேர்ந்தவர்களின் இடத்தில் உட்கார்ந்து அவர்களுக்காகச் சாப்பிடுவதுதான் அவர் தொழில். வீட்டுக்காரர் அவருடைய காலை அலம்பி, மணை போட்டு உட்காரவைத்து, வடையும் அதிரசமும் எள்ளுருண்டையும் பிரண்டைத் துவையலும் பரிமாறுவார். கடைசியில் கைகூப்பி நின்று, "திருப்தியா?" என்று கேட்பார். சாப்பிட்டவர் "திருப்தி" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் வந்தால்தான் மேலே இருக்கிறவர்களின் பசி அடங்கியதாக அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேலாக விஸ்வநாத் ஊரில் பாதிப் பேருடைய முன்னோர்களின் பசியை இப்படி அடக்கியிருக்கிறார். "அளவானது" என்று எழுதியது ஆஸ்பத்திரியின் பெருந்தன்மை.

"சந்தேகங்கள் நீங்கி" என்ற இடத்தில்தான் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். விஸ்வநாத் ஒரு பஞ்சாங்கத்தை நம்ப மாட்டார். இரண்டு வாங்கி ஒன்றை வைத்து இன்னொன்றைக் கையும் களவுமாகப் பிடிப்பார். பால்காரர் ஒருநாள் அரை ஆழாக்கு கூடுதலாக ஊற்றினால், தண்ணீர் கலந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வார். அவரிடமிருந்து சந்தேகத்தை நீக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு ஆபரேஷன்தான் செய்ய வேண்டும்.

தொழில் அவரைக் கனமாக்கியது. கனம் அவரைத் தொழிலுக்கு ஆகாதவராக்கியது. சாப்பிட்டு முடித்தால் மணையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ஒரு வீட்டில் வீட்டுக்காரரும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கதவுக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டு மாமி சொன்னது விஸ்வநாத்தின் காதில் விழுந்தது: "அடுத்த வருஷம் மௌலியையே கேட்டுப் பாருங்கோன்னா."

மௌலி அவருக்குப் பக்கத்து இலையில் உட்காருகிறவர். பத்து வயது இளையவர், ஒல்லி, எவ்வளவு போட்டாலும் உள்ளே போகும். அது எங்கே போகிறது என்பது விஸ்வநாத்தின் பழைய சந்தேகங்களில் ஒன்று.

வைத்தியத்துக்கு முன்னால் எல்லாரும் சொல்வதையும் செய்து பார்த்தார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனார். ஆனால் அந்தப் பாதையில் பொங்கலும் சாம்பார் சாதமும் கையில் திணிக்காத திருப்பம் இல்லை; வேண்டாம் என்றால் அண்ணாமலையார் பிரசாதத்தை மறுத்த பாவம். மலையைச் சுற்றிவிட்டு வரும்போது புறப்பட்டதைவிடக் கனமாக வந்தார்.

அவருடைய மனைவி ஹைமவதிதான் ஆபரேஷன் பேச்சை எடுத்தார். அந்தச் சென்னை ஆஸ்பத்திரி மாதம் ஒருமுறை ஊரில் ஒரு லாட்ஜ் ஹாலில் முகாம் போடும். அங்கே சாப்பாட்டு விவரம் கேட்டு எழுதிக்கொள்ள சினேகா என்று ஒரு பெண் இருந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரி, டயட்டீஷியன் படித்தவள்.

"மத்தியானம் எவ்ளோ சாப்புடுவீங்க சார்?"

"யாருக்காகன்னு சொல்லும்மா."

"உங்களுக்குத்தான்."

"எனக்காகன்னா ரெண்டு கரண்டி சாதம், கொஞ்சம் மோர். அதுக்கு மேல சாப்பிட்டதெல்லாம் மத்தவாளுக்கு."

ஹைமவதி விளக்கிச் சொன்னதும் சினேகா பேனாவைக் கீழே வைத்தாள். "எங்க ஊட்ல படையல் போட்டா மொதல்ல காக்காவுக்கு வெப்போம், மிச்சத்த நாங்க சாப்புடுவோம். நீங்க காக்கா வேலையும் பாத்து எங்க வேலையும் சேத்துப் பாக்குறீங்க போலக்குதே சார்! ஜாஸ்தின்னு போட்டா, கம்மி பண்ணிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க. அளவானதுன்னு போட்டுடட்டுமா?"

"போட்டுக்கோ."

"தொழில்னு கம்ப்யூட்டர்ல உங்க வேலை வரல சார். உக்காந்துதான செய்றீங்க? ஆபீஸ் வேலைன்னு வெச்சிக்கலாம்."

சுவரில் ஆபரேஷனுக்கு முன், பின் என்று படங்கள் ஒட்டியிருந்தார்கள். விஸ்வநாத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டே போய்க் காதுகளை ஒப்பிட்டார். "இது வேற ஆசாமி. இடது படத்துல காது ஒட்டிண்டிருக்கு. வலதுல விலகியிருக்கு."

"மொகம் எளைச்சா காது வெளிய வரும் சார்."

பதில் நியாயமாக இருந்தது. அதனால் எரிச்சலாகவும் இருந்தது. சென்னைக்குப் போய்ப் பார்த்த டாக்டர் ஒல்லியாக இருந்தது அடுத்த சந்தேகம்: பசி தெரியாதவன் பசியை எப்படி வெட்டுவான்? குண்டாக இருந்திருந்தால், நீங்கள் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டிருப்பார்.

"முக்கால்வாசி வயித்தை எடுத்துடுவேள்னு சொல்றேள். எடுத்ததை என்ன பண்ணுவேள்?"

"லேபுக்கு அனுப்பிப் பார்ப்போம்."

"அப்புறம்?"

"விதிப்படி அப்புறப்படுத்திடுவாங்க."

"எந்த விதிப்படி?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. விஸ்வநாத்துக்கு அது சின்ன விஷயமில்லை. ஊர் முழுக்கப் போனவர்களுக்குச் சாப்பிட்ட வயிறு, தான் போகும்போது ஒரு மந்திரம்கூட இல்லாமல் போவதா? ஊருக்குத் திரும்பியதும் மௌலியிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்: "ஒருத்தனோட அங்கம் ஒண்ணு முன்னாடியே போயிட்டா, அதுக்குன்னு ஏதாவது உண்டோ?"

"யாருக்குண்ணா?"

"சும்மா, பொதுவா."

மௌலி சந்தேகப்பட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

விஸ்வநாத் கடைசியில் ஏன் சம்மதித்தார் என்றால், ஹைமவதி வற்புறுத்தாததால்தான். வற்புறுத்தியிருந்தால், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று விட்டிருப்பார். ஹைமவதி காய் நறுக்கிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "தூங்கறச்சே உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வரது. நின்னுதுன்னா திரும்ப வரவரைக்கும் நான் முழிச்சிண்டிருக்கேன். பண்ணிக்கலேன்னா இப்படியே முழிச்சிண்டிருந்துட்டுப் போறேன்." இதில் சூது எங்கே இருக்கிறது என்று விஸ்வநாத் வாரக் கணக்கில் தேடினார். கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

தியேட்டருக்குள் போவதற்கு முன்னால், "இதுக்கப்புறம் தொழில்?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "தாராளமா. ஒரே மாசத்துல ஆபீஸ் போகலாம்" என்றார்.

அதற்குப் பிந்தைய மாதங்கள் டம்ளர்களில் கழிந்தன. கஞ்சித் தண்ணி, பருப்புத் தண்ணி, நீர்மோர். ஒரு வாய் அவசரமாக விழுங்கினால் நெஞ்சுக்குக் கீழே கல் வைத்ததுபோல் அடைக்கும். ஆஸ்பத்திரி கொடுத்த புரோட்டீன் மாவில் முட்டை இருக்கிறது என்று முடிவுகட்டினார். டப்பாவில் பச்சைப் புள்ளி இருப்பதை ஹைமவதி காட்டினார். "புள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். சத்து மாத்திரையின் மேலுறை மாட்டெலும்பில் செய்தது என்று சந்தேகப்பட்டார். விசாரித்துப் பார்த்ததில் அது நிஜமாகவே அப்படித்தான் என்று தெரிந்து, சினேகா வேறு மாத்திரை மாற்றிக்கொடுத்தாள். ஒரு சந்தேகம் பலித்ததில் அவருக்கு ஒரு வாரம் உடம்பு நன்றாக இருந்தது.

எடை இறங்கியது. மூச்சு நிற்கவில்லை, ஹைமவதி தூங்கினார். பஞ்சகச்சம் இடுப்பில் இன்னொரு சுற்றுக்கு இடம் கண்டது. கூடவே முடி கொட்டிக் குடுமி எலிவாலானது. மார்புத் தோல் தொங்கியது. சட்டை போடாத தொழில், வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள் ஊருக்கே தெரிந்தன. கேட்டவர்களிடம் பித்தப்பையில் கல் என்றார். யாரும் நம்பவில்லை. சர்க்கரை என்றார்கள், அதைவிடப் பெரிய வியாதி என்றார்கள். ஒரு பெரியவர் கோயில் வாசலில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில எவ்வளவு நாள்னு சொல்லியிருக்கா?" என்று கேட்டார்.

அவருடைய பயம் வேறு. தெவச வீடுகளுக்கு, வயிறு சரியில்லை என்று சொல்லி மௌலியை அனுப்பிக்கொண்டிருந்தார். எவ்வளவு காலம் அனுப்புவது? உண்மையைச் சொன்னால், சாப்பிட முடியாதவனை யார் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள்? சொல்லாமல் போய் உட்கார்ந்தால், ஒரு கிண்ணம் சோற்றோடு "திருப்தி" என்று சொல்ல வேண்டும். ஒருத்தருடைய அம்மாவையோ அப்பாவையோ பட்டினி போட்டு அனுப்புவதற்கு அது சமானம்.

அப்போதுதான் ராமசேஷன் வந்தார். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடியிருக்கிறவர். தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அம்மா கனகாம்பாள் போன பிறகு வருகிற முதல் வருஷத் தெவசம்.

"நீங்கதான் வரணும். மௌலி பக்கத்து இலையில இருக்கட்டும். அம்மா இடத்துல நீங்க."

"எனக்கு வயிறு..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கப்பா தெவசத்துக்கு நீங்க சாப்பிடறதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு நிம்மதி. 'இவர் சாப்பிட்டா அவர் சாப்பிட்ட மாதிரியே இருக்குடா'ம்பா."

இதில் என்ன உள்நோக்கம் என்று விஸ்வநாத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒத்துக்கொண்டார்.

மௌலி தானாகவே வந்து யோசனை சொன்னார். "கொஞ்சங் கொஞ்சமா இலையோட விளிம்புக்குத் தள்ளிடுங்கோ அண்ணா. நான் நடுவில தண்ணி கேட்டுக் கவனத்தைத் திருப்பறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"பித்தப்பைக் கல்லுக்கு யாரும் பாதி ஆசாமியா ஆகமாட்டா."

"என் வீடெல்லாம் உனக்கு வரணும்னுதானே பார்க்கறே?"

"வந்த வீட்டுலயெல்லாம் சாப்பிட்டே எனக்கு மூட்டு வலிக்கறது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், திரும்பி வந்துடுங்கோ."

ஹைமவதி குறுக்கே ஒரே வாக்கியம் சொன்னார்: "சொல்லிட்டு உட்காருங்கோ." விஸ்வநாத் கேட்டுக்கொண்டார், சொல்லாமலே போய் உட்கார்ந்தார்.

தெவசத்தில் சாப்பிடுகிறவர் பேசக்கூடாது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக்கூடாது, போதும் என்று கையைத்தான் காட்ட வேண்டும். ராமசேஷன் நெய்க் கிண்ணத்தோடு நின்று, வவுச்சரைப் பார்ப்பதுபோல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மௌலி இரண்டு முறை தண்ணீர் கேட்டு ஜாடை காட்டினார். ராமசேஷன் திரும்பாமலே சொம்பை நீட்டினார்.

விஸ்வநாத் பருப்பு சாதத்தை மென்றார். கூழாகும்வரை மென்றார். ஒரு விள்ளல் வடை, பாகற்காய் ஒரு துண்டு, அதிரசத்தின் ஓரம். எதையும் விளிம்புக்குத் தள்ளவில்லை. அப்புறம் விலாவுக்குக் கீழே ஏதோ மெதுவாக மூடிக்கொண்டது. அடைப்பா என்று பார்த்தார். இல்லை. வலியா? இல்லை. குமட்டலும் இல்லை. இன்னொரு வாய் வேண்டாம் என்று இருந்தது. எதிரே இன்னொரு முழு அதிரசம் இருந்தது, அதைப் பார்த்தும் வேண்டாம் என்றே இருந்தது.

இத்தனை வருஷமாக ஒவ்வொரு இலையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "திருப்தி" என்று சொல்லி எழுந்து, வீட்டுக்குப் போகும் வழியிலேயே அடுத்த தெவசம் எப்போது என்று பஞ்சாங்கத்தை மனசுக்குள் புரட்டியவர் அவர். அந்தச் சொல்லுக்கு ஏற்ற நிலை என்று ஒன்று இருக்கிறதா என்று யோசித்ததே இல்லை. இப்போது அது வந்திருக்கிறது, இலை முக்கால்வாசி நிறைந்திருக்கும்போது. அதை முதலில் அவரே சந்தேகப்பட்டார். சற்று நேரம் காத்திருந்தார். அது போகவில்லை.

ராமசேஷன் இலையைப் பார்த்தார். கைகூப்பினார். "திருப்தியா?"

மௌலி "திருப்தி" என்றார். விஸ்வநாத் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்கு ஊரில் பல கதைகள். கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார் என்கிறார்கள் தேரடியில். வடையை மடியில் ஒளித்தபோது பிடிபட்டார் என்றும் கேள்வி. ராமசேஷன் ராமேஸ்வரம் போய் எல்லாவற்றையும் மறுபடி செய்துவிட்டு வந்தார் என்று வேங்கிக்காலில் பேச்சு. சில வீடுகள் மௌலியோடே நின்றுவிட்டன, சில திரும்பி வந்தன. இரண்டுக்கும் காரணம் இந்தக் கதைகள்தான் என்கிறார்கள். விஸ்வநாத் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முதல் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. ராமேஸ்வரத்தைப் பற்றி மட்டும் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் செய்தது இதுதான். பேசக்கூடாத இடத்தில் பேசினார். முக்கால்வாசி வயிற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள், இனிமேல் இவ்வளவுதான் சாப்பிட முடியும் என்று ராமசேஷனிடம் சொன்னார். ராமசேஷன் இலையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மறுபடியும் கைகூப்பிக் கேட்டார். விஸ்வநாத் "திருப்தி" என்றார்.