தழும்புக்குப் பயந்த எட்டு மாதம்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கிருந்த அறையில், என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டும்போதுதான் அவர் தொடையில் அந்தக் கட்டியைக் கண்டேன். தேசிக்காய் (எலுமிச்சை) அளவு.

"நோகுதே?"

"ஒண்டும் நோகேல்ல. பேசாமல் விடும்."

ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் எங்களைத் தடுத்தது நோகாதது மட்டுமில்லை. அது யுத்த காலம். சுற்றிவளைப்பில் பிடிபடும் தமிழ் ஆண்களின் உடம்பில் ஆமிக்காரர் சண்டைத் தழும்பு தேடுவார்கள். பக்கத்து அறை ஆசிரியர் அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) வெட்டிய தழும்புக்காக நான்கு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவர்.

"கட்டியோட போனா விட்டிடுவாங்கள். வெட்டின காயத்தோட போனா, எங்க சண்டை பிடிச்சனி எண்டு கேப்பாங்கள்" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். பாவி, தளர்வான காற்சட்டை தைப்பித்துக் கொடுத்ததும் நான்தான்.

பஸ்ஸில் கால் மடக்கி இருக்க முடியாமல் போன பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயொப்சி (சிறு துண்டெடுத்துச் சோதித்தல்) செய்தார்கள். சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் அரிய புற்றுநோய்) என்றார்கள்.

"எவ்வளவு பெரிசு, எவ்வளவு ஆழம், ஓரத்தில மிச்சமில்லாமல் எடுக்கலாமோ, வேற இடத்துக்குப் பரவிட்டுதோ, இதையெல்லாம் பொறுத்துத்தான் இருக்கு" என்றார் டொக்டர். "எவ்வளவு காலமா இருக்கு?"

"ரெண்டு மாதம்" என்றார் இவர்.

"எட்டு மாதம், டொக்டர்" என்றேன் நான்.

டொக்டர் எங்களை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கட்டியை வெட்டியெடுத்து, காலைக் காப்பாற்றினார்கள். வெட்டிய ஓரத்தில் புற்றுக் கலங்கள் (செல்கள்) மிச்சமிருந்தன. கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. ஒருநாள் திரும்பி வரும்போது வெள்ளவத்தைக் காலி வீதிச் சோதனைச் சாவடியில் இவரை மறித்துக் காற்சட்டையை உயர்த்தச் சொன்னார்கள். இவர் கிளினிக் அட்டையை நீட்டினார். ஆமிக்காரன் வாசித்தான்.

"ஹரி, யன்ன." சரி, போ.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை. இதற்காகவா என்று வீதியில் நின்று கத்தவேண்டும்போல இருந்தது. இவர் என் கையைப் பிடித்து, "வாருமப்பா, வெயிலாக் கிடக்கு" என்றார்.

பிறகு நுரையீரலுக்குப் போயிற்று. இவரும் போய்விட்டார்.

"முதலே கொண்டுவந்திருந்தா?" என்று டொக்டரிடம் கேட்டேன்.

"சொல்லேலாது அம்மா. சின்னனா வந்தாலும் சிலருக்குத் திரும்பி வரும்."

இதை வாசிக்கிறவர்களே, நோகாத கட்டியையும் காட்டுங்கள். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது.

யாராவது பிள்ளைத்தாச்சியை எட்டு மாதம் என்று சொன்னால், கட்டி எவ்வளவு பெரிசாகியிருக்கும் என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது. குளிக்கும்போது என் தொடையை அழுத்திப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. நிம்மதி வருகிறது. வந்ததற்காக என்மேலேயே ஆத்திரமும் வருகிறது.