ஊசிப்பை ஏறிடுச்சா?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடம் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன வரும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கோபத்தில் ஒருநாள் ஒரு மனிதரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டேன்.

அவர் காரைக்கால்மேட்டுக்காரர். விசைப்படகில் போனால் ஐந்தாறு நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். பல வருடமாகச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. வலது காலில் கெளுத்தி முள் குத்திய புண் மாதக்கணக்கில் ஆறவே இல்லை. சர்க்கரை இறங்காவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடுகிற படகில் ஒற்றைக் காலோடு நிற்க முடியாது. பாதம் போனால் கடலும் போய்விடும். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அவருடைய சிகிச்சை நோட்டைப் புரட்டினேன். மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் இரண்டு மாதமும் சர்க்கரை அடங்கியிருந்தது. தடை முடிந்து கடலுக்குப் போனதும் எகிறியிருந்தது. வருடா வருடம் இதே கதைதான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"வீட்ல இருந்தா அண்ணி பாத்துக்கிறாங்க, ஊசி போடுறீங்க. கடலுக்குப் போனா போடுறதில்ல. எதுக்குண்ணே பொய் சொல்றீங்க?" என்று வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை கரைக்கு வந்ததும் உப்புப் பூத்த கைலியோடு நேராக என் ஜன்னலுக்கு வந்தார். பின்னால் அவர் மனைவி. ஜன்னல் பலகையில் இன்சுலின் குப்பியை வைத்தார். உள்ளே மருந்து கட்டியாக உறைந்திருந்தது.

"பாருங்க மருந்துக்காரம்மா. நல்ல மீனு வைக்கிற ஐசுக்கு நடுவுல வச்சிருந்தேன். போட்டுல அத விடப் பத்திரமான எடம் கெடையாது. ஒருநாளும் போடாம இருந்ததில்ல. கரைய வச்சுக் கரைய வச்சுப் போட்டிருக்கேன்."

உறைந்த இன்சுலின் கரைந்தாலும் உதவாது. அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. நான் சொன்னதெல்லாம், "ஜில்லுன்னு வைங்கண்ணே" என்பது மட்டும்தான். ஐஸை நம்பிப் பிழைக்கிறவரிடம் ஜில்லென்று வை என்றால் வேறு எங்கே வைப்பார்? கோட்டுச்சேரியில் வயலுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை. எல்லோர் காதிலும் விழும்படியே மன்னிப்புக் கேட்டேன்.

"அட விடுங்க" என்றார் அவர். அவர் மனைவிக்கு விட முடியவில்லை. "அப்ப இத்தன வருசமா தண்ணியவா குத்திக்கிட்டாரு?" என்று கேட்டு அங்கேயே அழுதார்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க் குழு ஒன்று சோதனைத் திட்டமாக, இன்சுலின் ஊசி மருந்து வைக்க ஒரு துணிப்பை கொண்டுவந்தது. பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காற்றுப்படத் தொங்கவிட்டால் போதும். ஐஸும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி உள்ளே இருக்கும் மருந்து குளுமையாக இருக்கும். விழா நடந்தது, சால்வை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். 'பத்து நிமிடம் நனைக்கவும்' என்று நானே கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

குழு ஊருக்குப் போனது. கொஞ்ச நாளில் ஒருவர் அந்தப் பையில் செல்போன் வைத்திருந்தார், இன்னொருவர் வெற்றிலை பாக்கு. நம்மவரே இரண்டு தடவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். புண்ணும் அப்படியே இருந்தது. நான் கத்தினேன், இன்னும் இரண்டு காகிதம் ஒட்டினேன். ஊதுகிற சங்கை ஊதினேன், பொழுதுதான் விடியவில்லை.

ஒருநாள் அவர் மனைவி ஜன்னலில் சிரித்தபடி கேட்டார். "போட்டு கெளம்புறத நீங்க பாத்திருக்கீங்களா? டீசல மறந்துட்டு எந்தப் போட்டாவது போயிருக்கா? வந்து பாருங்க."

போனேன். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் கரையில் நிற்கும் ஒருவர் உரக்கக் கேட்டார்: "டீசலு?" படகிலிருந்து பதில் வந்தது: "ஏறிடுச்சு!" "ஐசு?" "ஏறிடுச்சு!" தண்ணீர், அரிசி, வலை என்று ஒவ்வொன்றாகப் போனது. ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் கயிறு அவிழாது. கடைசியில் அந்த அம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஊசிப்பை?" என்று கத்தினார்.

படகில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, கயிற்றையும் விடவில்லை. கணவர் வெட்கத்தோடு பையைத் தூக்கிக் காட்டினார். "நனைச்சீங்களா?" பை சொட்டியது. அதற்குப் பிறகுதான் கயிறு அவர் கையைவிட்டுப் போனது.

அடுத்த தடைக்காலம் வருவதற்குள் புண் மூடிவிட்டது. பாதம் தப்பியது. எனக்குப் பூவம் பக்கம் மாற்றலாகிவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற வேலை இல்லாமல் போனது.

இந்த வருடம் தடை முடிந்த சமயத்தில், ஒரு காலை வேளை துறைமுகத்தில் மீன் வாங்கப் போயிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு படகு கிளம்பத் தயாராக இருந்தது. கரையிலிருந்து யாரோ ஓர் ஆள் கேட்டார்: "டீசலு? ஐசு? தண்ணி? அரிசி? வலை? ஊசிப்பை?"

"இந்தத் தடவ யாருக்கும் இல்ல!" என்று பதில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கயிறு அவிழ்ந்தது.

குழு போய்விட்டது, நான் போய்விட்டேன், நான் ஒட்டிய காகிதமும் கிழிந்திருக்கும். தேவைப்படாத படகிலும் அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது. மீன் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

அடுத்த படகில், "ஊசிப்பை?" என்றதற்குப் பதில் வரவில்லை. ஓர் ஆள் தலையில் அடித்துக்கொண்டு கரைக்குத் தாவி, பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் பறந்தார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, படகு நின்றது. அதன் முனையில் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு என் பழைய நோயாளி நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

"மருந்துக்காரம்மா! அவரு பொய்க்காரரு இல்லீங்க, மறந்துட்டாரு!" என்று கத்திச் சிரித்தார். நானும் சிரித்தேன்; கண் கலங்கிவிட்டது.

ஆள் திரும்பி வந்து பையை நீட்டினார். என் பழைய நோயாளி குனிந்து தொட்டுப் பார்த்தார். பை காய்ந்திருந்தது.

"போற வழியில நனைச்சிக்கிறேண்ணே."

"போற வழியில மறந்துருவே. காஞ்ச பை ஏறாது."

குடிதண்ணீர் வாளி ஒன்று கரைக்கு வந்தது. பையை அதில் அமுக்கினார்கள். படகே அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பத்து நிமிடம்.